ஜெபத்தோடு ஒரு ஜாமீன்தாரரும் வேண்டும்

என் கணவர் ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் கேஷியராக இருந்தார். தணிக்கையில் கணக்கு இடித்தது, புகார் போனது, ஒரு மாலை விசாரணைக்கு என்று கூப்பிட்டார்கள். மறுநாள் அவரைப் பாளையங்கோட்டை மத்திய சிறைக்கு ரிமாண்ட் செய்துவிட்டார்கள். வழக்கு இன்னும் நடப்பதால் அவர் பக்கத்து நியாயத்தை இங்கே எழுதப் போவதில்லை. அவர் உள்ளே இருந்த மாதங்களில் வெளியே இருந்த எனக்கு என்ன நடந்தது, எங்கெல்லாம் பணம் போனது, யார் உதவினார்கள், எப்படி உதவினார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன். நாங்கள் பரம்பரையாகக் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம், சர்ச்சைத்தான் எங்கள் பக்கம் கோயில் என்போம். என் மாமனார் எங்கள் ஊரில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையாக இருந்தவர். ‘நான் காவலிலிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள்’ என்கிற மத்தேயு 25-ஆம் அதிகார வசனம் எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். ஆனால் காவலில் இருக்கிறவரைப் போய்ப் பார்க்க என்ன கொண்டுபோக வேண்டும், எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒன்றிரண்டு வீட்டுக்காரர்கள் வாய் திறக்கவில்லை. ஜெயிலைப் பார்த்த குடும்பம் அதைப் பற்றி யாரிடமும் பேசாது.

முதலில் மனு பார்க்கும் விஷயம். சிறையில் இருப்பவரைச் சந்திப்பதை இங்கே எல்லோரும் ‘மனு’ என்றுதான் சொல்வார்கள். கைதியின் பெயர், தகப்பனார் பெயர், வழக்கு விவரம் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதல் தடவை ஆதார் அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்த் திரும்பி வந்தேன். பஸ் செலவு ஒருபுறம், கூட வந்த மைனியின் ஒரு நாள் கூலி ஒருபுறம். எந்தக் கிழமை, எத்தனை மணி, விசாரணைக் கைதிக்கு வாரத்தில் எத்தனை தடவை என்பதையெல்லாம் போனில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். தேசியச் சிறைகள் இணையதளத்தில் இ-முலாகாத் என்று முன்பதிவு வசதி இருக்கிறது. ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பையனே போட்டுக் கொடுப்பான். உள்ளே போனால் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாம், இரண்டு பக்கமும் ஆள் மேல் ஆள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதால் எல்லோருமே கத்துவார்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது, நேரம் முடிந்துவிட்டது. வக்கீல் கேட்கச் சொன்ன எதையும் கேட்கவில்லை. அதற்கப்புறம் கேட்க வேண்டியதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனேன். பி.எஃப். புத்தகம் எங்கே, யாருக்குப் பணம் கொடுக்க வேண்டும், மாத்திரை கிடைக்கிறதா. அழுகையை பஸ்ஸில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வக்கீல். எங்களுக்கு முதலில் கிடைத்தவர் அறுபதாயிரம் வாங்கினார், ரசீது இல்லை. வக்காலத்தில் என் கணவரின் கையெழுத்தைச் சிறையிலேயே வாங்கி அதிகாரி சான்றோடு கொண்டுவர வேண்டும், அதற்குத் தனியாக ஒரு தொகை. ‘வாய்தா என்றைக்கு’ என்று கேட்டால் ‘சொல்றேம்மா’ என்பார், அவ்வளவுதான். இதில் நான் இழந்தது பணம் மட்டும் இல்லை. எங்கள் வழக்கைப் போல, பத்து வருஷத்துக்கும் குறைவான தண்டனைக்குரிய பிரிவுகளில், ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால் ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை. மரணம், ஆயுள், பத்து வருஷம் அல்லது அதற்கு மேல் என்று வரும் பிரிவுகளுக்கு 90 நாள். 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 187-ஆவது பிரிவு. அந்தக் கெடு முடிந்த பிறகு, குற்றப்பத்திரிகை வரும் முன்பே நாம் ஜாமீன் மனுப் போட்டுவிட வேண்டும். வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். எங்கள் வழக்கில் கெடு முடிந்து சில நாள் கழித்துத்தான் குற்றப்பத்திரிகை வந்தது. நடுவில் இருந்த அந்தச் சில நாளில் ஒரு காகிதம் தாக்கலாகியிருந்தால் அவர் வீட்டுக்கு வந்திருப்பார். யாரும் தாக்கல் செய்யவில்லை. இது எனக்குத் தெரிய வந்தபோது மாதங்கள் ஓடியிருந்தன. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை, தணிய வேண்டும் என்று நான் ஜெபிக்கவும் இல்லை.

ரிமாண்ட் தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, நாட்களை நீங்களே எண்ணுங்கள். வழக்குக்கு எழுத்தும் எண்ணுமாக 16 இடத்தில் ஒரு சி.என்.ஆர். எண் உண்டு. அதை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று கைப்பேசியிலேயே தெரியும். இன்னொன்று, காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டமே சொல்கிறது. பெண்களுக்கும் அப்படித்தான். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். அந்த வளாகத்துக்குள் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன், அந்தப் பலகை எனக்கு என்ன சொல்கிறது என்று தெரியாமல்.

இனி எங்கள் சபை. யார் மேலும் பழி சொல்ல எழுதவில்லை, ஆனால் நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், விண்ணப்ப ஜெபத்தின்போது, என் கணவர் பெயரைச் சொல்லி ‘சிறையில் இருக்கும் நம் சகோதரருக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும்’ என்று மைக்கில் ஜெபித்தார்கள். நல்ல மனசோடு செய்ததுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகன் தலையைக் குனிந்தவன் ஆராதனை முடியும்வரை நிமிரவில்லை. அப்பா பம்பாயில் டிரெயினிங் போயிருப்பதாக அதுவரை அவனிடம் சொல்லி வைத்திருந்தேன். அதற்கப்புறம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. அசனம் என்கிற சபை விருந்துக்கு வரி, அதாவது வீட்டுப் பங்குப் பணம், கேட்டு வருகிறவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். கஷ்டத்தில் இருக்கிறவளிடம் கேட்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். எனக்கு அது வேறு மாதிரிப் பட்டது. போதகர்களுக்கும் சபைக் குழுவில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜெபியுங்கள், ஆனால் பெயரைச் சொல்லும் முன் அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வரி கேட்டும் வாருங்கள், ஐம்பது ரூபாயாவது கொடுப்போம்.

இந்தத் தனிமையில்தான் அந்த மனிதர் வந்தார். வெள்ளை ஜிப்பா, கையில் பெரிய வேதாகமம். சிறை ஊழியம் செய்வதாகச் சொன்னார். உங்கள் வீட்டுக்காரரை உள்ளே பார்த்தேன், உங்களை நினைத்து அழுதார் என்றார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு, நாற்காலி போட்டு காபி கொடுத்தேன். கட்டுகளை உடைக்கும் உபவாச ஜெபம் என்று காணிக்கையாகப் பதினைந்தாயிரம். இந்த மாதக் கடைசிக்குள் விடுதலை என்று ஆண்டவர் தனக்குக் காட்டியதாகச் சொன்னார். மாதம் முடிந்தது. ‘மேலே ஒரு ஆளிடம் பேசியிருக்கிறேன், நாற்பது ஆகும்’ என்றார். வளையலை அடகு வைத்தேன், என் கணவர் வேலை பார்த்தது போன்ற ஒரு நகைக்கடன் கடையில்தான் வைத்தேன், அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அதோடு அவர் போன் அணைந்துவிட்டது. அடுத்த மனுவில் என் கணவரிடம் கேட்டால், அப்படி ஒருவரை நான் பார்த்ததே இல்லை என்றார்.

உண்மையான சிறை ஊழியக்காரர்களை அதன்பிறகு பார்த்ததால் வித்தியாசம் இப்போது நன்றாகத் தெரிகிறது. உள்ளே போக அவர்கள் சிறைத்துறையிடம் அனுமதி வாங்கியிருப்பார்கள், யார் யார் போகலாம் என்று பெயர்ப் பட்டியல் இருக்கும். கடிதம், பணம், சாமான் எதையும் கைமாற்றிவிட மாட்டார்கள், மாற்றினால் அனுமதி போய்விடும். வெளிவரும் தேதியைச் சொல்ல மாட்டார்கள். வழக்குக் கட்டைத் தன்னிடம் கொடு என்று கேட்க மாட்டார்கள். தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு ஒற்றை ஆணாக வர மாட்டார்கள். காணிக்கை கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். காபி கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கட்டும்.

அந்த உண்மையான ஆட்களை நான் சந்தித்தது சிறைக்கு வெளியே மனுவுக்குக் காத்திருந்த இடத்தில். ஓய்வுபெற்ற ஒரு டீச்சரும் அவர் கணவரும். அண்ணாச்சி ஒரு குழுவோடு உள்ளே ஆராதனை நடத்தப் போவார். டீச்சர் அக்கா உள்ளே போகாமல் வெளியே எங்களோடு உட்கார்ந்திருப்பார். பிளாஸ்க்கில் சுக்குக் காபி, ஒரு பேனா, கொஞ்சம் வெள்ளைத்தாள், பசை. எழுதத் தெரியாத பாட்டிகளுக்கு மனு எழுதிக் கொடுப்பார், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பார்ப்பதில்லை. என்னிடம் முதலில் கேட்டது, “ஏம்மா, காலையில ஏதும் சாப்பிட்டியா?” இரண்டாவது, “உன் கேஸ் நம்பர் என்ன?” என்ன செய்தார் உன் வீட்டுக்காரர் என்று இன்றுவரை கேட்கவில்லை. சட்டப் பணிகள் அலுவலகத்துக்கு என்னைக் கூட்டிப்போனது அவர்தான். அங்கே ஒதுக்கிய வக்கீல் வயதில் சின்னப் பெண். காகிதங்களைப் புரட்டிவிட்டு அந்த அறுபது நாள் கணக்கைச் சொன்னதும் அவள்தான்.

இந்த ஊழியம் எங்கே தொடங்கியது என்று டீச்சர் அக்கா காத்திருக்கும் நேரத்தில் கதை கதையாகச் சொல்வார். 1813-இல் லண்டன் நியூகேட் சிறைக்குள் போய், பெண்களும் குழந்தைகளும் வைக்கோலில் கிடந்ததைப் பார்த்த எலிசபெத் ஃபிரை, அங்கே குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமும் பெண்களுக்குத் தையல் வேலையும் கொண்டுவந்தாராம். நம் நாட்டில் கத்தோலிக்கர்களின் பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா 1981-இல் கேரளத்தில் தொடங்கியது. ஆகஸ்ட் இரண்டாவது ஞாயிறை அவர்கள் சிறை ஊழிய ஞாயிறாக வைத்திருக்கிறார்கள். அதுபோல எங்கள் சபைகளில் வருஷத்துக்கு ஒரு நாளாவது இருந்தால் என்ன என்று அக்கா அலுத்துக்கொள்வார். எனக்கு அதிகம் பிடித்தது 1982-இல் அமெரிக்காவின் அலபாமாவில் நடந்தது. சிறையில் இருந்து வெளியே வந்த மேரி கே பியர்ட் என்ற பெண், கிறிஸ்துமஸ் மரத்தில் கைதிகளின் பிள்ளைகள் பெயர் எழுதிய காகிதத் தேவதைகளைத் தொங்கவிட்டார். விருப்பமுள்ளவர்கள் ஒன்றை எடுத்து அந்தப் பிள்ளைக்குப் பரிசு வாங்கிக் கொடுக்கலாம். பரிசு போவது கொடுத்தவர் பெயரில் இல்லை, உள்ளே இருக்கும் அப்பா அல்லது அம்மா பெயரில்.

எங்களுக்கும் அந்தக் கிறிஸ்துமஸில் அப்படித்தான் நடந்தது. பிள்ளைகளுக்கு என்ன வாங்கலாம் என்று உன் வீட்டுக்காரரிடமே கேட்டு வா என்றார் அக்கா. மனுவில் கேட்டேன். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பாப்பாவுக்கு மஞ்சள் கவுன், பையனுக்கு ஜாமெட்ரி பாக்ஸ், பழசில் காம்பஸ் முள் உடைந்துவிட்டது என்றார். முள் உடைந்தது எனக்கே தெரியாது. பெட்டியைப் பிரித்ததும் பையன் முதலில் அந்தக் காம்பஸைத்தான் எடுத்தான். “அப்பாவுக்கு ஞாபகம் இருக்கு” என்றான். பம்பாய் கதை அதற்கு முன்பே உடைந்திருந்தது. பள்ளியில் ஒருவன் சொல்லிவிட்டான். பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன்: வெளியில் யாரும் சொல்லும் முன் நீ சொல், சின்ன வாக்கியமாகச் சொல், ‘அப்பா மேல ஒரு கேஸ் இருக்கு, கோர்ட் விசாரிக்குது, அதுவரைக்கும் அங்கே இருப்பாங்க, உன் மேல எந்தத் தப்பும் இல்லை.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதே என்றார். படிப்புக்கோ பாதுகாப்புக்கோ சிக்கல் வந்தால் 1098 எண்ணில் கூப்பிடலாம்.

உள்ளே நடக்கும் ஊழியம் பற்றி என் கணவர் சொன்ன ஒரு விஷயம். ஒவ்வொரு குழுவும் வந்து இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளன் கதையையே சொல்கிறார்களாம். “எல்லாருக்கும் நாங்க கள்ளன்தான் போல” என்றார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். அவர்களிடம் வாராவாரம் மனந்திரும்பு என்றால் எப்படி இருக்கும்? அண்ணாச்சி மட்டும் ஒருமுறை வேதாகமத்தில் வரும் யோசேப்பின் கதையைச் சொன்னாராம், பொய்க் குற்றச்சாட்டில் உள்ளே போனதையும், அவனோடு சிறையில் இருந்து வெளியே போன பானபாத்திரக்காரன் அவனை மறந்ததையும். அன்றைக்குக் கூட்டத்தில் பலர் அழுதார்கள் என்றார்.

கடைசியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜாமீன் கொடுத்தது. அன்றிரவு பாயாசம் வைத்தேன். ஆனால் ஜாமீன் கிடைத்தால் மறுநாள் ஆள் வீட்டுக்கு வந்துவிடுவார் என்பது சினிமாவில்தான். இருபத்தைந்தாயிரத்துக்குப் பிணைப் பத்திரம், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அதில் ஒருவர் இரத்த உறவு. இருவரும் கோர்ட்டுக்கு நேரில் வந்து போட்டோ ஒட்டி, இடது கைப் பெருவிரல் ரேகை வைத்து, ஆதாரோ வங்கிப் பாஸ்புக்கோ காட்ட வேண்டும். எங்கள் கோர்ட்டில் வீட்டுவரி ரசீதும் கேட்டார்கள். கொழுந்தன் ஒருவர் ஆயிற்று. இன்னொருவருக்கு அலைந்தேன். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு ரசீது இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறது. கேட்ட வீடுகளில் பலர், “ஜெபம் பண்ணுதோம்மா, கையெழுத்து மட்டும் கேக்காத” என்றார்கள். அவர்கள் பயமும் நியாயம்தான், ஆள் ஓடிவிட்டால் ஜாமீன்தாரர்தான் பணம் கட்ட வேண்டும். கோர்ட் வாசலில் ஐயாயிரம் கொடுத்தால் ஜாமீன் நிற்க ஆள் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். அதில் போலிக் காகிதம் இருந்தால் இன்னொரு வழக்கு வரும் என்று எங்கள் வக்கீல் தடுத்துவிட்டாள். இப்படியே ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் கிட்டத்தட்ட ஒரு மாதம் அவர் உள்ளேயே கிடந்தார்.

இதற்கு வழி இருக்கிறது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது: ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணைப் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே யோசிக்கலாம். நாமும் அந்த அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். பணம் கட்ட முடியாததால் உள்ளே கிடக்கும் ஏழை விசாரணைக் கைதிகளுக்கும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிகளுக்கும் உதவ மத்திய அரசின் திட்டம் ஒன்றும் 2023-இலிருந்து இருக்கிறது, தொடங்கியபோது விசாரணைக் கைதிகளுக்கு 40,000 ரூபாய் வரை, தண்டனைக் கைதிகளுக்கு 25,000 வரை என்று இருந்தது. சில வகை வழக்குகளுக்குக் கிடையாது, கேட்டுப் பாருங்கள்.

எங்களுக்கு இரண்டாவது ஜாமீன்தாரராக நின்றது அண்ணாச்சிதான். முதலில் என் கணவரின் வழக்குக் காகிதங்களை முழுக்க வாசித்தார், வக்கீலிடம் பேசினார். அப்புறம் என்னிடம், “தம்பி ஒரு வாய்தாகூட தவறக் கூடாது, அதை மட்டும் எனக்குச் சொல்லு” என்றார். வீட்டுவரி ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கோர்ட் ஹாலுக்கு வெளியே மதியம்வரை நின்றார். எழுபது வயது மனிதர்.

வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து, வேலை இல்லை, ராத்திரி தூக்கம் இல்லை. கதவைச் சாத்தினால் எழுந்து போய்த் திறந்து வைப்பார். கோயிலுக்கு இன்னும் வருவதில்லை, நான் கட்டாயப்படுத்துவதும் இல்லை. அண்ணாச்சி வாரம் ஒருமுறை வந்து அவரோடு கேரம் ஆடுவார். அவர்கள் அதிகம் பேசி நான் கேட்டதில்லை.

போன சபைக் கூட்டத்தில் நானே எழுந்து ஒரு விஷயம் கேட்டேன். இரத்ததானத்துக்குப் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறோமே, அதுபோல நம் சேகரத்தில், அதாவது ஒரே போதகருக்குக் கீழ் உள்ள நம் சபைகளில், அவசரத்துக்கு ஜாமீன் நிற்கச் சம்மதிக்கிறவர்கள் பட்டியல் ஒன்று வைத்தால் என்ன? வழக்கை ஒரு வக்கீல் படித்துப் பார்த்துச் சொன்ன பிறகு மட்டும் நிற்கலாம், பணம் போனால் ஈடுகட்டச் சபை நிதியில் ஒரு பங்கு ஒதுக்கலாம். சத்தம் பெரிதாகிவிட்டது. கோயில் பணத்தை ஜெயிலுக்குக் கட்டுவதா என்று ஒருவர் எழுந்தார். கொலைக் கேஸுக்கும் நிற்பீர்களா என்று இன்னொருவர். போதகரான சேகர ஐயா அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார். வெளியே வந்தபோது இரண்டு பேர் தனியாக வந்து பெயர் கொடுத்தார்கள். அதில் ஒருவர் அன்றைக்கு என்னிடம் கையெழுத்து மட்டும் கேட்காதே என்றவர். அவர் வீட்டு ரசீது இன்னும் அவர் அப்பா பெயரில் இருக்கிறது, மாற்றுவதற்கு இப்போது அலைந்துகொண்டிருக்கிறார்.